பல மட்ட இன்வெர்ட்டரும் அதன் டிஜிட்டல் கட்டுப்பாடும்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வேலை ஓசூரில், மோட்டார் டிரைவ் துறையில். வீடு தருமபுரியில். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு மாடியில் ஒரு மேசை, ஒரு ஆசிலோஸ்கோப், இரண்டு மூன்று பழைய மோட்டார்களோடு உட்கார்ந்திருப்பேன். பாலிடெக்னிக் மாணவர்கள் வருவார்கள், பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். காயில் கட்டும் கடைக்காரர்களும், சில நாள் எரிந்த மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு விவசாயிகளும் வருவார்கள். அவர்கள் கேட்டவற்றை ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்தேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

இன்வெர்ட்டர் என்றால் கரண்ட் போனால் விளக்கு எரிய வைக்கும் பெட்டிதானே?

அதுவும் இன்வெர்ட்டர்தான். நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் எதற்கும் அந்தப் பெயர் பொருந்தும். இங்கே பேசப்போவது மோட்டாரை வேண்டிய வேகத்தில் ஓட்டும் டிரைவுக்குள் இருக்கும் இன்வெர்ட்டர். 415 வோல்ட் மும்முனை மின்சாரம் உள்ளே வந்ததும் டையோடுகள் அதை ஏறத்தாழ 560 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றிப் பெரிய கெப்பாசிட்டர்களில் நிறுத்துகின்றன. அங்கிருந்து ஐ.ஜி.பி.டி. எனும் மின்னணுச் சுவிட்சுகள் விநாடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி, மோட்டாருக்கு வேண்டிய அதிர்வெண்ணில் மாறுமின்சாரத்தைக் கட்டி அனுப்புகின்றன. எவ்வளவு நேரம் மூடியிருக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைப்பதுதான் பி.டபிள்யூ.எம்.

பல மட்டம் என்பது என்ன?

சாதாரண டிரைவில் ஒரு ஃபேஸுக்கு இரண்டே நிலைகள்தான். வெளியே போகும் கம்பி ஒன்று மேல் முனையில் இருக்கும், இல்லையென்றால் கீழ் முனையில் இருக்கும். 560 வோல்ட்டை ஒரே தாவலில் ஏற வேண்டும், ஒரே தாவலில் இறங்க வேண்டும். கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்குப் படியில்லாமல் பாறையில் தாவி ஏறச் சொன்னால் எப்படியிருக்கும்? முட்டி தாங்காது. மோட்டார் சுற்றின் காப்புக்கும் அதே கதிதான்.

கெப்பாசிட்டரை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு முனையை எடுத்தால் மூன்றாவது நிலை கிடைக்கிறது: மேல், நடு, கீழ். இதுதான் மூன்று மட்ட இன்வெர்ட்டர். தாவல் 280 வோல்ட்டாகப் பாதியாகிறது. ஃபேஸுக்கு நான்கு சுவிட்ச், மொத்தம் 12. நடுமுனையோடு இணைக்க டையோடுகளைப் பயன்படுத்தும் அமைப்பை ஜப்பானின் நபே, தகாஹாஷி, அகாகி ஆகிய மூவரும் 1981-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்று பெரிய டிரைவுகளில் பரவலாக இருப்பது அந்த அமைப்பும் அதன் வழிவந்தவையும்தான். மட்டங்களை ஐந்து, ஏழு என்று கூட்டிக்கொண்டே போகலாம். கூட்டக் கூட்ட அலை வழவழப்பாகும், கட்டுப்படுத்தும் வேலை கடினமாகும்.

எங்கள் போர்வெல் 1000 அடி. டிரைவ் மாட்டிய பிறகு மோட்டார் மூன்று முறை காயில் போய்விட்டது. டிரைவ்தான் காரணமா?

நோட்டில் அதிக முறை எழுதப்பட்டிருக்கும் கேள்வி இது. நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீர் ஆழத்துக்குப் போய்விட்டதால், வேறு ஊர்க்காரர்களுக்குப் பாடநூல் கணக்காக இருப்பது நமக்கு வீட்டுச் செலவாக வந்து நிற்கிறது.

காரணம் டிரைவ் மட்டுமல்ல, டிரைவும் நீளமான கேபிளும் சேர்ந்ததுதான். ஐ.ஜி.பி.டி. ஒரு மைக்ரோ விநாடியில் சிறு பங்குக்குள் முழு மின்னழுத்தத்தையும் ஏற்றிவிடுகிறது. அந்த ஏற்றம் கேபிளில் ஓர் அலையாக ஓடுகிறது, மைக்ரோ விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில். 300 மீட்டர் கீழே இருக்கும் மோட்டாரைச் சேர 2 மைக்ரோ விநாடி. அங்கே மோட்டாரின் மின்தடுப்பு கேபிளைவிட மிக அதிகம் என்பதால் அலை சுவரில் மோதிய தண்ணீர்போல் எழும்பித் திரும்புகிறது. மோதிய இடத்தில் உயரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். 560 வோல்ட் அனுப்பினோம், மோட்டார் முனையில் 1120 வரை ஒரு கணம் நிற்கிறது. விநாடிக்குப் பல ஆயிரம் முறை.

போன கோடையில் காரிமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர் அப்படி எரிந்த மோட்டாரைக் கொண்டுவந்தார். காயில் கட்டும் அண்ணன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சுற்று முழுக்கக் கருகவில்லை. வயர் உள்ளே நுழையும் இடத்தில் முதல் சில சுற்று மட்டும்தான் போயிருக்கிறது, மூன்று முறையும் அதே இடம்.” பள்ளிப் படிப்பைத் தாண்டாத மனிதர். ஆனால் செங்குத்தான அலை, சுற்று முழுவதிலும் சமமாகப் பரவ நேரமில்லாமல், முதல் சுற்றுகளிலேயே பெரும்பங்கைச் சுமத்திவிடும் என்ற உண்மையைக் கையால் படித்துவிட்டார். அன்று அந்தப் பெட்டியை விற்றவர் கேபிள் எவ்வளவு நீளம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மூன்று காயில் செலவும், மூன்று முறை குழாய் ஏற்றி இறக்கிய கூலியும் மிச்சமாகியிருக்கும்.

செய்ய வேண்டியது: ஆழத்துக்கு டிரைவ் போட்டால் அதன் வெளிப்பக்கத்தில் சைன் ஃபில்டர், அதாவது செங்குத்தான தாவல்களை வழவழப்பான அலையாக்கும் வடிகட்டி, போடுங்கள். இதைச் செலவு என்று எண்ணித் தள்ளாதீர்கள். கூடவே, மோட்டார் டிரைவில் ஓடத் தகுந்ததா என்று தயாரிப்பாளரின் தாளில் பாருங்கள்.

அப்படியானால் மூன்று மட்ட டிரைவ் போட்டால் ஃபில்டர் வேண்டாமா?

நிலைமை தணியும், தீராது. ஃபேஸ்களுக்கிடையே 280-லிருந்து 560-க்கு ஒரு தாவல் என்று வையுங்கள். தாவல் அளவுதான் இரட்டிப்பாகும் என்பதால் உச்சம் 280-உடன் 560 சேர்ந்து 840 வோல்ட். 1120-க்கு 840 என்பது காப்புக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அலை 300 மீட்டர் போய்த் திரும்ப 4 மைக்ரோ விநாடி, முழுதாக ஒரு முறை ஊசலாட 8. முதல் தாவலின் ஊசலாட்டம் அடங்குவதற்குள் இரண்டாவது தாவலை அனுப்பினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், மூன்று மட்டத்தின் பலன் கரைந்துவிடும். இரண்டு தாவல்களுக்கு இடையே குறைந்தபட்ச இடைவெளி விட வேண்டும் என்ற கட்டளை நிரலில் இருக்க வேண்டும். மின்சுற்றை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் நேரத்தைக் கணக்கிடத் தெரியாத நிரல் அதைக் கெடுத்துவிடும். இனி வரும் பதில்கள் பலவற்றிலும் இந்த ஒன்றையே வேறு வேறு முகத்தில் பார்ப்பீர்கள்.

வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் பெரிய அளவில் மிச்சமாகும் என்கிறார்களே?

காற்றாடிக்கும், தண்ணீரை உயரத் தூக்காமல் குழாயில் சுற்றவிடும் பம்புக்கும் அது சரி. வேகம் 80 சதவீதமானால் தேவைப்படும் திறன் அதன் மும்மடிப் பெருக்கமாக, ஏறத்தாழ 51 சதவீதமாகக் குறையும். ஆழ்துளைக் கிணற்றுக்கு இந்தக் கணக்கை அப்படியே சொல்வது தவறு. 80 சதவீத வேகத்தில் பம்ப் தூக்கக்கூடிய உயரம் 64 சதவீதமாகிவிடும். தண்ணீர் 250 மீட்டர் கீழே இருக்கிறது, பம்ப் முழு வேகத்தில் 350 மீட்டர் தூக்கும் என்றால், குறைத்த வேகத்தில் 224 மீட்டர்தான் தூக்கும். மோட்டார் சுற்றும், மின்சாரம் செலவாகும், குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. உள்ளே சுழலும் தண்ணீர் சூடாகி மோட்டாரும் கெடும். நீர்மூழ்கி மோட்டாரின் அடித்தாங்கி தண்ணீர்ப் படலத்தில் மிதந்து சுழல்வது. அதனால் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது.

போர்வெல்லில் டிரைவினால் உண்மையான நன்மை மென்மையான தொடக்கமும், ஊற்று குறையும்போது அளவோடு இறைப்பதும்தான். சூரிய மின்தகட்டில் ஓட்டுவதென்றால் டிரைவ் இல்லாமல் முடியாது.

டிஜிட்டல் கட்டுப்பாடு என்று அதற்குள் அப்படி என்ன நடக்கிறது?

சுவிட்ச் அதிர்வெண் 10 கிலோ ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 100 மைக்ரோ விநாடி. 150 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு அது 15,000 துடிப்புகள். அதற்குள் மோட்டார் மின்னோட்டங்களை அளக்க வேண்டும். இரண்டு கெப்பாசிட்டர்களின் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். மூன்று ஃபேஸ் அளவுகளைக் காந்தப்புலத்தோடு சேர்ந்து சுழலும் கணக்கு அச்சுக்கு மாற்றி, காந்தப்புலத்தை உண்டாக்கும் பங்கு எவ்வளவு, முறுக்குவிசை தரும் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். இரண்டையும் வேண்டிய அளவோடு ஒப்பிட்டுத் திருத்தம் கணக்கிட்டு, மறுபடி மூன்று ஃபேஸுக்கு மாற்றி, 12 சுவிட்சுக்கும் நேரம் குறித்துப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். முடிந்ததா? அடுத்த 100 மைக்ரோ விநாடி தொடங்கிவிட்டது.

அளப்பதற்கும் நேரம் பார்க்க வேண்டும். சுவிட்ச் மாறும் கணத்தில் அளந்தால் இரைச்சல்தான் கிடைக்கும். சுவிட்ச் நேரத்தைக் குறிக்க நிரல் ஒப்பிடும் முக்கோண அலையின் உச்சியிலோ அடியிலோ அளந்தால், சுவிட்சுகள் மாறாத அமைதியான கணத்தில், மின்னோட்டம் அதன் சராசரியைக் கடந்துபோகும்போது பிடித்துவிடலாம். தனியே வடிகட்டி போடத் தேவையில்லை. இதை முதன்முறை ஆசிலோஸ்கோப்பில் பார்த்த நாளில் நான் இரவு உணவை மறந்தேன். இன்றும் மாணவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறேன்.

ஒரு சுற்று தாமதமானால் என்ன? 100 மைக்ரோ விநாடி கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லையே?

மோட்டாரின் அச்சுக்கு அது ஒன்றுமில்லை. மின்னோட்டத்துக்கு அது நீண்ட நேரம். இந்தச் சுற்றில் அளந்து கணக்கிட்டது அடுத்த சுற்றில்தான் சுவிட்சைச் சேர்கிறது. அந்தச் சுற்று முழுவதும் அது பரவுவதால் சராசரியாக இன்னும் அரைச் சுற்று. ஆக ஒன்றரைச் சுற்று, 150 மைக்ரோ விநாடி. மின்னோட்டக் கட்டுப்பாட்டை 1 கிலோ ஹெர்ட்ஸ் வரை விறுவிறுப்பாக வைக்க நினைத்தால் இந்தத் தாமதம் மட்டுமே 54 பாகை பின்னடைவு. நிலைத்தன்மைக்கு இருக்கும் சேமிப்பில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். மோட்டார் உறுமும், மின்னோட்டம் ஊசலாடும். நீங்கள் பி.ஐ. எண்களை, அதாவது பிழைக்கு எவ்வளவு திருத்தம் என்று குறிக்கும் எண்களை, மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்துப்போவீர்கள்.

முக்கோணத்தின் உச்சியிலும் அடியிலும் என்று இரண்டு முறை அளந்து இரண்டு முறை புதுப்பித்தால் தாமதம் 75 மைக்ரோ விநாடி, பின்னடைவு 27 பாகை. சுவிட்ச் இழப்பு கூடவில்லை, ஒரு பாகம்கூடப் புதிதாக வாங்கவில்லை. கணக்கை 7,500 துடிப்புக்குள் முடிக்கும் ஒழுக்கம் மட்டும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்த 150 மைக்ரோ விநாடியில் சுழலும் கணக்கு அச்சும் நகர்ந்திருக்கும். 50 ஹெர்ட்ஸில் 2.7 பாகைதான், விட்டுவிடலாம். 400 ஹெர்ட்ஸில் ஓடும் வாகன மோட்டாரில் அதுவே 21.6 பாகை. கோணத்தை முன்கூட்டியே அவ்வளவு தள்ளிவைக்காவிட்டால் முறுக்குவிசை குறையும்.

நடுப்புள்ளி ஏன் நகர்கிறது? எல்லாப் பாடத்திலும் அதையே பெரிய பிரச்சினையாகச் சொல்கிறார்களே?

நடுப்புள்ளி என்பது கெப்பாசிட்டர்களுக்கு நடுவே எடுத்த அந்த நடுமுனைதான். வயலில் மடை மாற்றியவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரே வாய்க்கால், இரண்டு பாத்தி. ஒரு மடையையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு பாத்தி நிரம்பி வழியும், மற்றது காயும். இங்கே பாத்திகள் மேல் கெப்பாசிட்டரும் கீழ் கெப்பாசிட்டரும். 560 வோல்ட்டை 280, 280 என்று பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரு ஃபேஸ் நடுமுனையோடு இணையும் ஒவ்வொரு முறையும் அதன் மின்னோட்டம் நடுமுனைக்குள் பாய்கிறது அல்லது அங்கிருந்து வெளியேறுகிறது. சமநிலை குலைகிறது. குலைவு வளர்ந்தால் சில சுவிட்சுகள் தாங்க முடியாத மின்னழுத்தத்தைச் சுமக்கும்.

வாய்ப்பும் அங்கேயே இருக்கிறது. மூன்று மட்ட இன்வெர்ட்டருக்கு மூன்று ஃபேஸ் சேர்ந்து 27 சுவிட்ச் நிலைகள். ஆனால் மோட்டாருக்குத் தெரியும் வெக்டர்கள், அதாவது மூன்று ஃபேஸ் மின்னழுத்தமும் சேர்ந்து தரும் அளவும் திசையும், 19தான். ஒரே வெக்டரைத் தரும் நிலைகள் சில உண்டு என்று பொருள். ஓர் எடுத்துக்காட்டு: முதல் ஃபேஸ் மேலே, மற்ற இரண்டும் நடுவில். இன்னொன்று: முதல் ஃபேஸ் நடுவில், மற்ற இரண்டும் கீழே. மோட்டாருக்கு இரண்டும் ஒன்றுதான், ஃபேஸ்களுக்கிடையே அதே 280 வோல்ட். ஆனால் முன்னது மேல் கெப்பாசிட்டரிலிருந்து எடுக்கிறது, பின்னது கீழ் கெப்பாசிட்டரிலிருந்து. இப்படி ஆறு சிறு வெக்டர்களுக்கும் இரட்டை நிலைகள் இருக்கின்றன. எந்தப் பாத்தி நிரம்பியிருக்கிறதோ அதிலிருந்து எடுக்கும் நிலையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்தால் போதும். மடையைத் திருப்பிவிட்டோம். பயிருக்குப் போகும் தண்ணீர் மாறவில்லை.

இப்போது என் கையில் பட்ட சூடு. மின்சாரம் மோட்டாரிலிருந்து திரும்பி வரும்போது கதை தலைகீழாகும். பாரம் ஏற்றிய மின்வாகனம் தொப்பூர் கணவாயில் இறங்குகிறது என்று வையுங்கள். மோட்டார் ஜெனரேட்டராகிவிட்டது. எந்தக் கெப்பாசிட்டரிலிருந்து எடுக்கிறோம் என்று நினைத்தோமோ அதில் இப்போது ஊற்றிக்கொண்டிருக்கிறோம். மின்னோட்டத்தின் திசையைப் பார்க்காத சமன்படுத்தும் நிரல் நிரம்பிய பாத்திக்கே மேலும் தண்ணீர் விடும். நான் மாடியில் செய்து பார்த்தபோது மொத்தம் 60 வோல்ட்தான் கொடுத்திருந்தேன். மோட்டாரை ஓட்டும்போது 30, 30 என்று அழகாக நின்றது. வேகத்தைச் சட்டென்று குறைத்தேன். ஒரு பக்கம் 50 வரை ஏறிவிட்டது. மின்னோட்டத் திசைக்கான கூட்டல்-கழித்தல் குறி, அந்த ஒரே ஒரு குறியைப் பெருக்க மறந்திருந்தேன். 560 வோல்ட்டில் அதைச் செய்திருந்தால் கெப்பாசிட்டர் வெடித்திருக்கும். குறைந்த மின்னழுத்தத்தில் பிரேக் சோதனை செய்யாமல் யாரும் மேலே போகக் கூடாது என்று அன்றிலிருந்து பிடிவாதமாகச் சொல்லிவருகிறேன்.

டெட் டைம் இரண்டு மைக்ரோ விநாடிதானே, அதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஒரே நேரத்தில் மூடினால் குறுக்குச் சுற்று. அதனால் இரண்டையும் சிறிது நேரம் திறந்து வைக்கிறோம். அந்த 2 மைக்ரோ விநாடி 100-ல் 2 சதவீதம், 560 வோல்ட்டில் 11 வோல்ட் பிழை. முழு வேகத்தில் பொருட்டில்லை. 5 ஹெர்ட்ஸில் மெதுவாக ஓட்டும்போது ஃபேஸுக்குக் கொடுப்பதே 24 வோல்ட் அளவுதான். கிட்டத்தட்ட பாதியைப் பிழை விழுங்குகிறது. மின்னோட்ட அலையில் 5, 7-ஆவது ஹார்மோனிக்குகள், அதாவது 5 மடங்கு, 7 மடங்கு அதிர்வெண் கொண்ட வேண்டாத அலைகள், தோன்றி மின்னோட்ட அலையின் ஒரு சுற்றுக்கு ஆறு துடிப்பாக அச்சில் நடுக்கம் தெரியும். மூன்று மட்டத்தில் தாவல் பாதி என்பதால் பிழையும் பாதி. மீதியை மின்னோட்டத்தின் திசை பார்த்து நிரலில் ஈடுகட்டலாம். மின்னோட்டம் பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் மட்டும் திசை தடுமாறும், அங்கே ஈட்டை மெல்ல மாற்றுங்கள்.

கோளாறு வந்தால் எல்லாச் சுவிட்சையும் ஒரே நேரத்தில் அணைத்துவிட்டால் பாதுகாப்புத்தானே?

இரண்டு மட்டத்தில் ஆம். டையோடு இணைத்த மூன்று மட்டத்தில் அது ஆபத்து. ஃபேஸின் நான்கு சுவிட்சுகளில் ஓரத்தில் இருக்கும் வெளிச் சுவிட்சை முதலில் அணைக்க வேண்டும், சில மைக்ரோ விநாடி கழித்து நடுவில் இருக்கும் உள் சுவிட்சை. வரிசை மாறி உள் சுவிட்ச் முதலில் அணைந்தால் முழு 560 வோல்ட்டும் அந்த ஒற்றைச் சுவிட்சின் தலையில் விழும். பாதி தாங்கவே வாங்கிய பாகம் அது. மேலிருந்து நடுவைத் தொடாமல் நேரே கீழுக்குத் தாவுவதையும் தடுக்க வேண்டும்.

ஐ.ஜி.பி.டி. குறுக்குச் சுற்றைத் தாங்கும் நேரம் பெரும்பாலும் 10 மைக்ரோ விநாடிக்குள். 100 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும் நிரலால் அதைக் காப்பாற்ற முடியாது. பாதுகாப்பு வன்பொருளில் இருக்க வேண்டும், வரிசையும் அங்கேயே அமைந்திருக்க வேண்டும்.

சர்க்கரை ஆலை, குடிநீர்த் திட்டம் போன்ற இடங்களின் பெரிய மோட்டார்களுக்கும் இதே மூன்று மட்டம்தானா?

அங்கே மோட்டார் 3.3 அல்லது 6.6 கிலோ வோல்ட்டாக இருக்கலாம். 3.3 கிலோ வோல்ட்டுக்கு நேர்மின்னழுத்தம் 4,600 வோல்ட்டைத் தாண்டும். 4,500 வோல்ட் தாங்கும் சுவிட்சுகளை வைத்து மூன்று மட்டத்தில் செய்யலாம். இன்னொரு வழி, அறை எனப்படும் சிறு இன்வெர்ட்டர்களைத் தொடராக அடுக்குவது. ஃபேஸுக்கு மூன்று, ஒவ்வொன்றும் 690 வோல்ட். கூட்டினால் ஃபேஸுக்கு 2,070, ஃபேஸ்களுக்கிடையே ஏறத்தாழ 3,585 வோல்ட், மட்டங்கள் ஏழு. ஒவ்வோர் அறையின் முக்கோண அலையையும் 60 பாகை தள்ளிவைத்தால், அறை 600 ஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆனாலும் மோட்டாருக்கு 3,600 ஹெர்ட்ஸாகத் தெரியும். ஓர் அறை பழுதானால் அதை ஒதுக்கிவிட்டு மீதியோடு ஓட்டலாம். காவிரித் தண்ணீரை ஒகேனக்கலிலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் குடிக்கும் நமக்கு, ஒரு பெரிய பம்ப் முழுதாக நிற்பதற்கும் குறைந்த வேகத்தில் ஓடுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஃபேஸுக்கு ஆறு அறை என்றால் 72 சுவிட்சுகளுக்குக் கட்டளை போக வேண்டும். அங்கே ஒரு சிப் போதாது. உள்சுற்றையே நாம் அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. எனும் சிப்பும் ஒளியிழைக் கம்பிகளும் வந்துவிடும். இதே அடுக்கும் எண்ணத்தை நூற்றுக்கணக்கான அறைகளுக்கு விரித்ததுதான் ஜெர்மனியின் பேராசிரியர் மார்க்வார்ட் 2000-களின் தொடக்கத்தில் முன்வைத்த மாடுலர் கன்வெர்ட்டர். 2021-ல் தொடங்கிவைக்கப்பட்ட புகளூர்–திருச்சூர் 320 கிலோ வோல்ட், 2,000 மெகாவாட் நேர்மின் பாதை அந்த வகையில்தான் இயங்குகிறது.

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் செய்யும் மின் ஸ்கூட்டர்களில் பல மட்டம் இருக்கிறதா?

தேவையில்லை. பேட்டரி 50 வோல்ட்டை ஒட்டியது, கேபிள் ஒரு முழம். இரண்டு மட்டம் போதும். ஆனால் மேலே சொன்ன தாமதக் கணக்கு, கோணத் திருத்தம், டெட் டைம் ஈடு எல்லாம் அங்கே அப்படியே உண்டு. அந்த ஆலைகளில் வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைகள் இதைப் படித்தால் வீண் போகாது.

கடைசி ஆண்டு புராஜெக்டுக்குப் ப்ரெடிக்டிவ் கண்ட்ரோல் எடுக்கலாமா, அண்ணா?

எடுக்கலாம், தம்பி. 27 நிலைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, “இதைப் போட்டால் அடுத்த சுற்றில் மின்னோட்டம் எங்கே இருக்கும், நடுப்புள்ளி எங்கே இருக்கும்” என்று கணக்கிட்டுச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதுதான் அது. எண்ணம் எளிது, மூன்று மட்டத்துக்குக் கையடங்கும். ஐந்து மட்டத்தில் 125 நிலை, ஏழில் 343. அங்கே எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்க நேரம் இருக்காது. மின்னோட்டத்துக்கு எவ்வளவு எடை, நடுப்புள்ளிக்கு எவ்வளவு எடை என்று நீ வைக்கும் எண்ணுக்குக் காரணம் சொல்லத் தெரிய வேண்டும், தேர்வாளர் அதைத்தான் கேட்பார். என் விருப்பம், முதலில் சாதாரண பி.ஐ. கட்டுப்பாட்டை ஓட்டிக் காட்டிவிட்டு அதோடு ஒப்பிடு.

ஆராய்ச்சி என்று தொலைவில் தேடவும் வேண்டாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கே. கோபகுமார் குழுவினர் மோட்டார் சுற்றின் இரு முனைகளிலும் இன்வெர்ட்டர் வைத்து மட்டங்களைக் கூட்டுவது, வெக்டர் முனைகள் வழக்கமாக அமையும் அறுகோணத்துக்குப் பதில் 12 பக்க வெக்டர் அமைப்பால் 5, 7-ஆவது ஹார்மோனிக்குகளை நீக்குவது என்று பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டுரைகளைப் படி.

எனக்குக் கணக்கு பயம். அச்சு மாற்றம் புரியவேயில்லை, சார்.

பென்னாகரத்திலிருந்து வந்த மாணவி கேட்டது. அம்மா, ராட்டினத்துக்கு வெளியே நின்று பார்த்தால் குதிரைப் பொம்மை மேலும் கீழும் முன்னும் பின்னும் போகும். நீயும் ஏறி உட்கார்ந்துவிட்டால் பொம்மை உன் எதிரே அசையாமல் நிற்கும். சுழலும் மின்னோட்டத்தை அசையாமல் நிற்க வைத்து அளப்பதுதான் அச்சு மாற்றம். பார்க் என்ற பொறியாளர் 1929-ல் எழுதியது சுழலும் அச்சுக்கானது. மூன்று ஃபேஸை இரண்டு அச்சாக்கும் முதல் படிக்கு எடித் கிளார்க் பெயர். 1919-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மின்பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். நீ எழுதும் நிரலில் ஒவ்வொரு 100 மைக்ரோ விநாடிக்கும் அவர் பெயர் ஒரு முறை ஓடும்.

எந்தச் சிப் வாங்க வேண்டும்? கணினியில் மட்டும் செய்து பழகலாமா?

கணினியில் தொடங்குங்கள். சைலேப் இலவசம், பைத்தானிலேயே சமன்பாடுகளை எழுதியும் ஓட்டலாம். ஆனால் ஒன்றரைச் சுற்றுத் தாமதத்தையும் டெட் டைமையும் மாதிரியில் போடாவிட்டால் எல்லாம் வேலை செய்வதுபோல் தெரியும். சிப்புக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் சி2000 வரிசை நல்லது. அதன் 28335-ல் ஆறு பி.டபிள்யூ.எம். ஜோடிகள் இருக்கின்றன, மூன்று மட்டத்தின் 12 சுவிட்சுக்கு அது மிகச் சரியாகப் பொருந்தும்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

60 வோல்ட்டுக்குள், மின்னோட்ட வரம்பு வைத்த சப்ளையில், மோட்டாருக்குப் பதில் முதலில் ஒரு தடையும் சுருளும் இணைத்துச் செய்யலாம். சுவிட்ச் பாகங்களை மாட்டும் முன் சுவிட்சுகளைத் திறந்து மூடச் சொல்லும் 12 கேட் சிக்னலையும் இரண்டிரண்டாக ஆசிலோஸ்கோப்பில் பார்த்து, டெட் டைமும் அணையும் வரிசையும் சரியா என்று தாளில் எழுதுங்கள். ஆசிலோஸ்கோப்பின் எர்த் கிளிப்பை இன்வெர்ட்டரின் எந்த முனையிலும் மாட்டாதீர்கள், எர்த்தோடு சேராமல் இரு முனைகளுக்கிடையே அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப் வேண்டும்.

415 வோல்ட்டை நீங்களாகத் தொடாதீர்கள். 280 வோல்ட்டில் நிற்கும் 2,200 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்றில் 86 ஜூல் இருக்கிறது. ஆளை வீழ்த்த அது போதும், சப்ளையை அணைத்த பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். என் மேசையில் வேலை செய்யும் எவரும் சப்ளையை அணைத்து, ஐந்து நிமிடம் காத்து, இரண்டு கெப்பாசிட்டரையும் தனித்தனியே மீட்டரால் அளந்து, எண்ணை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கலாம். இரண்டையும் தனித்தனியே. நடுப்புள்ளி நகர்ந்திருந்தால் ஒன்று காலியாகவும் மற்றது நிரம்பியும் இருக்கும்.